உரித்தால் உள்ளே என்ன?

விதைநெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு நீரை வடித்து, சாக்கில் தளரக் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவைப்பார்கள். மறுநாள் அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தடியில் கை வைத்தது போலக் கதகதவென்று இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. நாற்றங்காலில் தெளிக்க விதை தயார்.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது ஆண்டுதோறும் பார்க்கிற காட்சி. 'நான்' என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அது உடலா, மனமா, இரண்டையும் கடந்ததா, அதற்கு விடுதலை என்றால் என்ன என்று பௌத்தரும் சைவரும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடினார்கள். அந்த வழக்கில் இரு தரப்பும் சாட்சிக்கு அழைத்தது இந்த நெல்லைத்தான். கடந்த நூறாண்டுகளாக உயிரியலும் அதே நெல்லைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே மணியில் இந்த மூவரும் என்னென்ன கண்டார்கள் என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பௌத்தம் என்றாலே வடக்கே, இல்லாவிட்டால் இலங்கை என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். காவிரிக் கரையில் அது விருந்தாளியாக வந்து போன சமயம் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்ததத்தர் சோழநாட்டுக்காரர். உரகபுரம் என்று அவர் ஊரைப் பாலி நூல்கள் குறிக்கின்றன. அது உறையூர் என்பது பெரும்பாலோர் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்தில் தங்கி 'அபிதம்மாவதாரம்' எழுதினார். பூதமங்கலத்தில் இருந்துகொண்டு துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்தார். மனத்தைத் தனித்தனிக் கணங்களாகப் பிரித்து, 89 வகை உணர்வுநிலைகளாக வகுத்துச் சொல்லும் அபிதம்ம மரபின் முக்கியமான கைநூல் ஒன்று காவிரி கடலில் கலக்கும் இடத்தில் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் கதை தொடங்குவதும் அதே பட்டினத்தில். பூம்புகாரில் தொல்லியல் துறை தோண்டியபோது புத்த விகாரையின் அடித்தளம் வெளிப்பட்டது.

பிற்காலச் சோழர் காலத்திலும் அது ஓயவில்லை. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு, பெரிய கோயிலைக் கட்டிய அதே இராஜராஜன் 1006-ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கினான். அதைப் பதித்த 21 செப்பேடுகள் பின்னாளில் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. கொடுத்தது ஏறத்தாழ 97 வேலி நிலம். அதிலிருந்து வரவேண்டிய நெல் 8,900 கலத்துக்கும் மேல் என்று செப்பேடு துல்லியமாகக் கணக்கு வைக்கிறது. ஆன்மா என்று ஒன்று இல்லை என்று போதித்த துறவிகளுக்குச் சிவபாதசேகரன் என்று பட்டம் பூண்ட அந்த மன்னன் அளந்துகொடுத்தது நம் வயல் நெல்.

அந்தத் துறவிகள் சொன்னது என்ன?

'சாலிஸ்தம்ப சூத்திரம்' என்று ஒரு மகாயான நூல் உண்டு. சாலி என்றால் நெல். ஸ்தம்பம் இங்கே தூணைக் குறிக்கவில்லை. நெல்லின் தூரை, நாற்றைக் குறிக்கிறது. நாற்றுச் சூத்திரம் என்றே சொல்லலாம். சமஸ்கிருத மூலம் முழுதாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களில் எடுத்தாண்ட பகுதிகளும், திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. புத்தர் ஒரு நெல் நாற்றைப் பார்க்கிறார். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுவதை எவன் காண்கிறானோ அவன் தருமத்தைக் கண்டவன் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் சொல்கிறார். அதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். நாற்றுக்கும் தருமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சாரிபுத்திரர் மைத்திரேயரிடம் விளக்கம் கேட்கிறார். விளக்கம்தான் நூல்.

விதையிலிருந்து முளை, முளையிலிருந்து இலை, பிறகு தாள், கதிர், பூ, மணி. விதை இல்லாமல் முளை இல்லை. ஆனால் விதை மட்டும் போதாது. ஆறு கூட்டாளிகள் வேண்டும். மண் தாங்குகிறது, நீர் நனைக்கிறது, சூடு பக்குவப்படுத்துகிறது, காற்று விரியச் செய்கிறது, ஆகாயம் இடம் விடுகிறது. ஆறாவது ருது, அதாவது பருவம். நம் ஆட்கள் பட்டம் என்பார்களே, அது. ஆறும் ஒன்றுகூடினால் முளை வரும். ஒன்று குறைந்தாலும் வராது. இதில் 'நான் தாங்குகிறேன்' என்று மண் நினைப்பதில்லை. 'நான் முளையை உண்டாக்குகிறேன்' என்று விதையும் நினைப்பதில்லை. 'இவையெல்லாம் சேர்ந்து என்னை உண்டாக்கின' என்று முளையும் நினைப்பதில்லை. நினைக்கிற ஒருவர் எந்தக் கட்டத்திலும் தேவைப்படவே இல்லை. முளை தானாகவும் வரவில்லை, பிறர் செய்தும் வரவில்லை, ஈசுவரன் படைத்தும் வரவில்லை, காரணமே இல்லாமலும் வரவில்லை என்று நூல் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே போகிறது.

இன்றைய உயிரியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊறும் நெல் நீரை உறிஞ்சுகிறது. மணியின் ஒரு முனையில் இருக்கும் கரு, ஜிப்பரெலின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. அது தவிட்டோடு ஒட்டிக்கிடக்கும் உயிரணு அடுக்குக்குப் போய்ச் சேர்கிறது. அந்த அடுக்கு நொதிகளைச் செய்து மாவுக்குள் அனுப்புகிறது, மாவு சர்க்கரையாகிறது, சர்க்கரையைத் தின்று முளை நீளுகிறது. அந்த எரிப்பில் மிஞ்சும் வெப்பம்தான் சாக்குக்குள் கையைச் சுட்டது. ஜிப்பரெலின் கண்டுபிடிப்பே நெல்லிலிருந்து வந்தது. நாற்று அளவுக்கு மீறி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்து போகும் ஒரு நோயை ஆராய்ந்த குரோசாவா என்ற ஜப்பானியர், நோய்க்குக் காரணமான பூஞ்சை விடும் ஏதோ ஒரு பொருள்தான் இப்படி நீட்டுகிறது என்று 1926-இல் காட்டினார்.

சூத்திரம் சொல்லும் காற்றையும் நம் விவசாயி அறிவார். நெல் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தாலும் முளைக்கும். ஆனால் குருத்து மட்டும் நீளும், வேர் பிடிக்காது. நீரை வடித்துச் சாக்கில் தளரக் கட்டுவது அதனால்தான். பருவமும் அப்படியே. பழைய சம்பா ரகங்கள் பலவற்றை முன்னே பின்னே விதைத்தாலும் பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். இலை பகலின் நீளத்தை அளக்கிறது. அளப்பது யார் என்று கேட்டால், ஆள் யாரும் இல்லை.

இதற்கு வலிக்கிற சாட்சியும் உண்டு. ஐப்பசி மழையில் சாய்ந்த குறுவைக் கதிர் வயலிலேயே முளை விட்டுவிடும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நெல்லுக்கு அவன் கடன் தெரியாது. ஈரமும் சூடும் கூடின, முளைத்தது. சார்பில் தோன்றுதல் என்பது இவ்வளவு இரக்கமில்லாத உண்மையும்கூட.

பௌத்தம் இதைச் சொன்னது வேளாண்மை கற்பிக்க இல்லை. நாற்றுக்கு உள்ள நியாயம் மனிதனுக்கும் உண்டு என்று சொல்லவே. மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இப்படிச் சார்ந்து தோன்றும் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளையும் தமிழில் எடுத்துச் சொல்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஐம்புலனும் மனமும் ஆகிய வாயில்கள் இருப்பதால் ஊறு, தொட்டதால் நுகர்வு, நுகர்ந்ததால் வேட்கை, வேட்கையால் பற்று. இந்தத் தொடரில் 'ஆன்மா' என்று ஒரு கண்ணி இல்லை. ஒரு வாழ்வு அடுத்த வாழ்வாகத் தொடர்வது விதை முளையாவது போல. முளை விதையே ஆகாது. விதையோடு தொடர்பில்லாத வேறொன்றும் ஆகாது. சம்பா விதைத்தால் குறுவை முளைக்காது. அந்தத் தொடர்ச்சிக்குச் சந்தானம் என்று பெயர்.

இந்தச் சொற்கள் நமக்கு மறுபடி கிடைத்ததே ஒரு கதை. மணிமேகலையை 1898-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சைவ சித்தாந்தத்தின் தலைமடங்களில் ஒன்றில் வளர்ந்தவருக்குப் பௌத்தக் கலைச்சொற்கள் பிடிபடவில்லை. கேட்டறிய ஊரில் ஒரு பௌத்தரும் இல்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கிலத்தில் இருந்த பௌத்த நூல்களைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்ல, அவர் நூலை விளங்கிக்கொண்டார். ஒரு சைவரும் ஒரு வைணவரும் கும்பகோணத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பௌத்தத்தை மீட்டார்கள்.

மனிதனை உரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பௌத்தம் தந்த உவமை வாழைமரம். பாலிச் சூத்திரம் ஒன்றில் புத்தர் சொல்கிறார்: வயிரம் பாய்ந்த கட்டை தேடிப் போனவன் வாழையை வெட்டிப் பட்டை பட்டையாக உரிக்கிறான், வயிரம் என்ன, மேல்மரம்கூட அகப்படவில்லை. மனத்தின் ஆக்கங்களும் அப்படியே. நம் ஊர்க்காரர் உடனே ஓர் ஆட்சேபம் எழுப்புவார்: உள்ளே தண்டு இருக்கிறதே, அதைப் பொரியல் செய்து சாப்பிடுகிறோமே? நியாயமான கேள்வி. ஆனால் தண்டு மேலேறி வருவது வாழை குலை தள்ளப் போகும்போதுதான். அதுவரை நாம் மரம் என்று சொல்வது வெறும் பட்டைகளின் அடுக்கு. சூத்திரம் இதை அறிந்தே பேசுகிறது. அந்த வாழை இளசானது, குலைத்தண்டு இன்னும் உருவாகாதது என்று அடைமொழி போட்டுத்தான் சொல்கிறது. வாழைத்தோப்பைக் கண்ணால் பார்த்தவர் சொன்ன உவமை அது.

சைவ சித்தாந்தம் அதே இடத்தில் நெல்லை வைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்து 'சிவஞான சித்தியார்' என்ற நூலைப் பாடினார். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களும் உயிரைப் பற்றியிருப்பது நெல்லை முளையும் தவிடும் உமியும் பற்றியிருப்பது போல என்கிறது சித்தியார். உமி முந்தியா அரிசி முந்தியா என்று கேட்க முடியாது, சேர்ந்தே விளைந்தவை. ஆனாலும் உமி வேறு, அரிசி வேறு. உரித்தால் அரிசி நிற்கும்.

வழக்கின் சாரம் இதில் அடங்கிவிடுகிறது. வாழையை உரித்தவர் ஒன்றும் இல்லை என்கிறார். நெல்லை உரித்தவர் அரிசி இருக்கிறது என்கிறார். இன்னும் பழைய சாந்தோக்கிய உபநிடதத்தை எடுத்தால், இதயத்துக்குள் இருக்கும் ஆன்மா நெல்மணியையும் தினையரிசியையும்விடச் சிறியது, மண்ணையும் விண்ணையும்விடப் பெரியது என்கிறது. அந்தச் சிறியதும் பெரியதும் ஒன்றே, அதுவே பிரம்மம் என்று அத்வைதம் முடிக்கும். சித்தாந்தம் அவ்வளவு தூரம் போகாது. உயிர்கள் பல, இறைவன் ஒருவன், உயிர் ஒருநாளும் இறைவனாகிவிடாது என்பது அதன் நிலை.

நாற்றங்காலையும் சித்தாந்தம் வேறு மாதிரி படித்தது. பௌத்தருக்கு மண் ஆறு கூட்டாளிகளில் ஒன்று. மெய்கண்டாருக்கோ இறைவனே மண் போன்றவன். மண் தன் குளிர்ச்சியால் எல்லா விதையையும் தாங்குகிறது. எந்த விதை எப்படி முளைப்பது என்பது அந்தந்த விதையின் வினை. ஒரே நாற்றங்கால், ஒருவர் அங்கே செய்பவன் இல்லாமையைக் கண்டார், மற்றவர் தாங்குபவன் இருப்பதைக் கண்டார். நெல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் முளைத்தது.

மெய்கண்டார் உவமையோடு நின்றுவிடவில்லை. மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். 'இது இல்லை, அது இல்லை' என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாயே, அப்படித் தள்ளுகிற அறிவு ஒன்று இருக்கிறது அல்லவா? 'என் உடல்' என்கிறாய். என் வீடு என்றால் நான் வீடு இல்லையே. கண் ஒலியை அறியாது, காது நிறத்தை அறியாது. ஐந்தையும் அறிகிற ஒன்று வேண்டாமா? உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்வும் செயலும் இல்லை. அப்படியானால் மூச்சு அறிவாகுமா? திருவாவடுதுறையில் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய சிவஞானபோத உரையான மாபாடியம் இந்த ஒவ்வொரு காரணத்தையும் எதிர்க்கட்சியின் மறுப்போடு சேர்த்துத் துருவுகிறது. அருணந்தியார் சித்தியாரின் பரபக்கப் பகுதியில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு வாதிடுகிறார். நாகப்பட்டினத்தில் விகாரம் இருந்த காலம் அது.

மூன்றாமவரிடம் வருவோம். மூளை அறிவியல் இந்த வழக்கில் என்ன சொல்கிறது?

ஐந்தையும் அறிகிற ஒன்று எங்கே என்பது இன்று ஆய்வுக்கூடத்துக் கேள்வி. பார்வை ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் நிறத்துக்கு மூளையில் ஓரிடம், அசைவுக்கு வேறோர் இடம். அசைவை அறியும் பகுதி மட்டும் கெட்டுப்போன ஜெர்மானியப் பெண் ஒருவரைப் பற்றி 1983-இல் எழுதினார்கள். கோப்பையில் தேநீர் ஊற்றினால் அவருக்கு அது உறைந்து நிற்பதாகத் தெரியும். மட்டம் உயர்வது தெரியாததால் வழியவிட்டுவிடுவார். இப்படிப் பிரிந்து பிரிந்து அறியப்படுவது நமக்கு எப்படி ஒரே உலகமாகத் தெரிகிறது? எல்லாம் வந்து சேரும் ஒற்றைச் சிம்மாசனம் எதையும் மூளையில் யாரும் கண்டதில்லை. அந்த அளவில் தீர்ப்பு வாழைமரத்தின் பக்கம் சாய்வதாகத் தோன்றும்.

அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டியவர்களை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அவரிடம் பயின்ற மைக்கேல் கசானிகா இப்படி ஒரு நோயாளியின் பேசும் இடது பாதிக்குக் கோழிக் கால் படத்தையும், பேசாத வலது பாதிக்குப் பனி மூடிய காட்சியையும் காட்டினார். படங்களில் பொருத்தமானதைத் தொடு என்றபோது ஒரு கை கோழியைத் தொட்டது; மற்றது பனி அள்ளும் மண்வாரியைத் தொட்டது. ஏன் மண்வாரி என்று கேட்டால், பேசும் பாதிக்குப் பனி தெரியவே தெரியாது. ஆனாலும் அது தயங்கவில்லை: கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது. 'நான் இதற்காகச் செய்தேன்' என்று நாம் உறுதியாகச் சொல்லும் பல காரணங்கள், காரியம் நடந்த பிறகு மூளை சமைக்கும் காரணங்கள்.

ஆன்மா இல்லை என்பதற்கு இதை நிரூபணமாகக் காட்டுபவர்கள் உண்டு. அவர்கள் சித்தாந்தத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கும் சித்தாந்தத்தில் அந்தக்கரணங்கள், உட்கருவிகள். நான்கும் மாயையின் விளைவு, சடம். 'நான்' என்று முந்திக்கொண்டு பேசும் அகங்காரமும் மண்வெட்டி போல ஒரு கருவியே. ஆகவே 'நான்' என்கிற பேச்சை மூளை தயாரிக்கிறது என்று கசானிகா காட்டினால் சித்தாந்தி கலங்க மாட்டார். அது சடம்தானே என்பார். உயிரோ சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு போல அடுத்திருப்பதன் நிறத்தைக் காட்டுவது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் விளக்கில்லாமல் பார்க்க முடியாதது போல, அறிவிக்க அறிவது.

ஆனால் இதே காரணத்தால் சித்தாந்தத்தின் ஆன்மாவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. எதைக் கண்டுபிடித்தாலும் அது கருவி என்று சொல்லிவிடலாம். எந்தச் சோதனையாலும் அசைக்க முடியாத ஒன்று, எந்தச் சோதனையாலும் உறுதிப்படவும் முடியாது. நம் முன்னோர் எல்லா விஞ்ஞானத்தையும் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. மாபாடியம் எழுதியவர் அப்படிப் பெருமை தேடவில்லை. எதிர்க்கட்சியின் வாதத்தை அவர்களே சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் தன் கட்சியைத் தொடங்கினார்.

இன்றைய மூளை அறிவியலுக்கு மிக நெருக்கமாகப் பேசும் ஒருவர் மணிமேகலையில் வேறாக இருக்கிறார். வஞ்சி நகரில் காப்பியத் தலைவி சந்திக்கும் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் எதிலும் தனியே இல்லாத போதை பிறப்பது போல, பூதங்கள் கூடிய கூட்டில் அறிவு பிறக்கிறது. கூட்டு கலைந்தால் அறிவும் போய்விடும் என்கிறார். கண்ணால் காண்பதே அளவை, மறுபிறப்பெல்லாம் பொய் என்கிறார். மணிமேகலை ஒரே கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய்? மரபணுச் சோதனை வந்த பிறகும் அந்தக் கேள்விக்கு வலு குறையவில்லை. அங்கும் தடயத்தைக் கண்டு ஊகிக்கிறோம்.

பூதவாதியின் கட்சி இன்று எங்கே நிற்கிறது? ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் ஓரிடத்தைக் காந்தத் துடிப்பால் தூண்டினால் அந்த அலை அங்கேயே அடங்கிவிடுகிறது. விழிப்பில் தூண்டினால் இடம்விட்டு இடம் பரவுகிறது. மாசிமினி, தொனோனி முதலானோர் 2005-இல் காட்டியது இது. கூட்டுறவு நின்றால் அறிவு மங்குகிறது என்பது மெய்தான். ஆனால் நரம்பணுக்களின் கூட்டுறவு ஏன் ஓர் அனுபவமாக உணரப்படுகிறது? வலி என்பது வலிப்பதற்கு என்ன காரணம்? இருபத்தைந்து ஆண்டுகளில் நனவுக்கான நரம்புத் தடயத்தைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-இல் கிறிஸ்டோஃப் காக் என்ற விஞ்ஞானி டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு திராட்சை மதுப் புட்டிகளைக் கொடுத்தார். மெய்கண்டாரின் முதல் கேள்வி, இல்லை என்று சொல்வது யார் என்ற கேள்வி, இன்னும் மேசைமேல் இருக்கிறது.

ஆகவே என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். செய்பவன் இல்லாமலே காரியங்கள் நடக்கின்றன என்பதில் அறிவியல் பௌத்தத்துக்குச் சாட்சி சொல்கிறது. அறிகிறவனைப் பற்றிய சைவரின் கேள்விக்கு அது இன்னும் வாய் திறக்கவில்லை. விடுதலை என்ற சொல்லோ அதன் அகராதியிலேயே கிடையாது. தலாய் லாமாவும் உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலாவும் 1987-இல் தொடங்கிய உரையாடல்கள், தியானத்தில் பழகிய திபெத்தியத் துறவிகளின் மூளை அலைகளை 2004-இல் அளந்து வெளியிட்ட ஆய்வு, இவையெல்லாம் கவனம் எப்படிப் பழகுகிறது என்று காட்டுகின்றன. நல்ல வேலைகள். ஆனால் கவனம் கூடுவதும் பிறவி அறுவதும் ஒன்றாகாது. பௌத்தரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

விடுதலையைப் பேசும்போது இரு கட்சியும் மறுபடி நெல்லுக்கே வருகின்றன. இங்கே வியப்பான ஓர் ஒற்றுமை. முளைக்காத விதையாவதே விடுதலை. பாலி இரதன சூத்திரம் விடுதலை பெற்ற அருகதர்களை விதை தீர்ந்தவர்கள் என்கிறது. வறுத்த வித்து முளைக்காது என்பதை யோகநூலாரும் சைவரும் சொல்வார்கள். வறுக்கக்கூட வேண்டாம், நம் வீடுகளில் நெல் அவிப்பதைப் பார்த்தாலே போதும். அவித்துக் காயவைத்த நெல் பார்வைக்கு விதைநெல் மாதிரியே இருக்கும். உமி இருக்கிறது, தவிடு இருக்கிறது, கருவும் உள்ளே இருக்கிறது. எந்த நாற்றங்காலில் தெளித்தாலும் முளைக்காது. ஞானம் வந்தவர் மற்றவர் போலவே உண்டு உறங்கி நடமாடிக்கொண்டிருப்பார், ஆனால் வினை மேற்கொண்டு முளைக்காது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை. பழைய வாசனை கொஞ்ச காலம் ஒட்டியிருக்கும். பெருங்காயம் வைத்திருந்த பாண்டம் போல என்கிறது சிவஞானபோதம்.

அரிசியாகத் தீட்டினாலும் முளைக்காது. ஒரு பிடி பச்சரிசியை எடுத்து உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றின் ஒரு மூலையில் சின்னதாகப் பறிந்த ஒரு குழி இருக்கும். கரு இருந்த இடம் அது. முளை, தவிடு, உமி மூன்றும் போய்விட்டன. வெள்ளையாக அரிசி நிற்கிறது. அருணந்தியார் சொன்னது கையில் இருக்கிறது.

முளைக்காமல் போனபின் அந்த உயிர் எங்கே? இந்த இடத்தில் புத்தர் எரிபொருள் தீர்ந்து அணைந்த நெருப்பைக் காட்டி, அது எந்தத் திசைக்குப் போனது என்று கேட்பதே பொருந்தாது என்றார்; அதற்கு மேல் பேச மறுத்தார். சித்தாந்தம் பேச முயன்றது. இறைவனும் உயிரும் கூடும் கூட்டத்தை ஒன்று என்றால் உயிர் அழிந்துபோனதாகிவிடும். இரண்டு என்றால் கூடவில்லை என்றாகிவிடும். சிதம்பரத்துக் கொற்றவன்குடியில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவம் இந்த முடிச்சுக்கு வயலை விட்டுவிட்டுத் தமிழ் இலக்கணத்திலிருந்து ஓர் உவமை எடுத்தார். தாள் என்பது இறைவன் திருவடி, தலை என்பது அடியவன் தலை. தாளும் தலையும் சேர்ந்தால் புணர்ச்சி விதிப்படி 'தாடலை' ஆகும். ளகர மெய்யும் போயிற்று, தகரமும் போயிற்று. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு டகரம். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தாள் எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது?